வஜ்ரம் காய்ச்சிய வீடு

போன வருஷம் மார்கழியில் அடையாறில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாலு ஓவியர்கள், ஒரு சிற்பி. தங்கள் வேலைத்தளத்தைப் பற்றியும் வேலை செய்யும் விதத்தைப் பற்றியும் அவர்களே பேசுவார்கள் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. ஒருவர் வடக்குப் பார்த்த ஜன்னலைப் பற்றிப் பேசினார்; காலை வெளிச்சம் அதில் எப்படி மாறாமல் நிற்கிறது என்று. இன்னொருவர் தன் ஸ்டுடியோ கர்ப்பக்கிரகம் மாதிரி, வீட்டுக்காரர்களைக்கூட உள்ளே விடுவதில்லை என்றார். கூட்டம் ரசித்தது. சிற்பி தன் வெண்கல வேலைகளின் படங்களைக் காட்டினார். மெழுகில் செய்வதுவரை தன் கை, அதற்குப் பிறகு வார்ப்பது, ராவுவது, மெருகு போடுவது எல்லாம் "நம்ம பசங்க பாத்துப்பாங்க" என்றார்.

கேள்வி நேரத்தில் எழுந்து, "அந்தப் பசங்க பேரு என்னங்க சார்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நல்ல மனுஷர்தான். இரண்டு பேரைச் சொல்லிவிட்டு மூன்றாவது பேருக்கு யோசித்தார். பிறகு, "அது டெக்னிக்கல் வேலை. அதுல கிரியேட்டிவா ஒண்ணும் இல்ல" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் சித்தப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்துச் சேரியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வரிசையில் இருந்தன. பதினாலு வயசில் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் பிரஷ் கழுவப் போனவர், பத்து வருஷத்தில் முகம் போடுகிற ஆளாக ஆனார். பேனர் கம்பெனியில் இது பெரிய பதவி. பின்னணி வண்ணம் அடிப்பவர் ஒருவர், உடுப்பு, நகை போடுபவர் ஒருவர், எழுத்து எழுதுபவர் வேறொருவர். முகம் மட்டும் மேஸ்திரி கை. அங்கே வேலை இல்லாத நாளில் வீட்டு வாசலிலேயே வேலை நடக்கும். கடைப் பலகை, கட்சித் தட்டி, கல்யாண வரவேற்பு, சாவுக்குக் கண்ணீர் அஞ்சலி.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எந்தக் கூடத்திலும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. முதலில் காடாத் துணியை ரீப்பர் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பார்கள். அதற்கு முதல் நாள் ராத்திரியே சித்தி வஜ்ரத்தை ஊறப்போட்டிருப்பார். வஜ்ரம் தச்சு வேலைக்காரர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்துகிற பசை. பழுப்பு நிறத்தில், உடைந்த பாட்டில் துண்டு மாதிரி இருக்கும். காலையில் அந்தச் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெல்லக் காய்ச்ச வேண்டும். கொதிக்கவிட்டால் ஒட்டும் குணம் போய்விடும். பாகு பதத்துக்கு வந்ததும் வெள்ளைப் பவுடரைக் கலந்து துணியில் பூசிக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசி மறுபடி தேய்த்தால்தான் துணி எண்ணெயைக் குடிக்காது. அதன்மேல் கரித்தூள் தடவிய நூலை இழுத்து அடித்துக் கட்டம் போடுவார் சித்தப்பா. கையில் இருக்கும் போட்டோவிலும் அதே எண்ணிக்கையில் பென்சில் கட்டம் இருக்கும். ஒரு கட்டத்தில் பாதிக் கண், அடுத்த கட்டத்தில் மூக்கு நுனி என்று எடுத்துவைப்பார். பக்கத்தில் நின்று பார்த்தால் பச்சை, ஊதா, ரோஸ் என்று திட்டுத் திட்டாகத்தான் தெரியும். தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ஆள் சிரிப்பான். அவர் நூறு தடவை தெருமுனைக்கு நடப்பார். வடக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் போனால் வேலை போச்சு.

வஜ்ரம் காய்ச்சினால் நாறும். அது மாட்டுத் தோலின் கழிவிலிருந்தும் எலும்பு, குளம்பிலிருந்தும் எடுப்பது. கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க ஜாதி புத்தி போகலையே" என்று சித்தியிடம் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அதே துணியில்தான் சித்தப்பா கோயில் திருவிழாவுக்கு முருகனையும் அம்மனையும் எழுதிக் கொடுத்தார். செத்த மாட்டின் தோல்தான் சாமிக்கு அடித்தளம். ஐரோப்பாவில் எண்ணெய் ஓவியம் தீட்டுகிறவர்கள் கேன்வாசுக்கு முயல்தோல் பசை பூசுவது பல நூற்றாண்டு வழக்கம். அங்கே அதை ஒரு நுட்பம் என்று பாடம் நடத்துகிறார்கள். எங்கள் வரிசையில் அது நாற்றம்.

இனி அந்தக் கூடங்களின் கதைக்கு வருவோம். தென்சென்னைக் கலைக்கூடங்களில் இன்று பேசுகிறவர்களில் பலர் எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850இல் தன் சொந்த முயற்சியில் தொடங்கியது அது. சில வருஷத்தில் அரசு எடுத்துக்கொண்டது. தொடங்கியபோது கேன்வாஸ் ஓவியருக்கான இடமாக அது இல்லை. மண்பாண்டம், செதுக்கு வேலை, உலோக வேலை என்று கைத்தொழில்தான் பிரதானம். இந்தியாவில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலே அந்தப் பள்ளிக் கொட்டகையில், ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் 1898இல் ஆரம்பித்த சோதனையிலிருந்து வளர்ந்ததுதான். கையால் செய்கிறவன் ஒரு பக்கம், கலைஞன் ஒரு பக்கம் என்று பிரித்தது அதற்குப் பிறகு நடந்த வேலை.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைக்கு வந்தார். வங்காள ஜமீன் குடும்பம்; குஸ்தி, வேட்டை, புல்லாங்குழல் என்று பல வித்தைக்காரர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1957வரை இருந்தார். திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தைப் புடைப்புச் சிற்பமாகச் செய்தவர் அவர்தான். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவரும் அவரே. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடிய கடற்கரையில், 1959 ஜனவரி 25 அன்று அந்தச் சிலை திறக்கப்பட்டது. நாலு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். இடுப்பில் கோவணம். முதுகெலும்பும் கெண்டைக்கால் நரம்பும் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த உடம்புகளை ராய் சௌத்ரி கற்பனையில் பிடிக்கவில்லை. கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் ஒரு வாலிபரும் அவருக்கு மாடலாக நின்றார்கள் என்று பதிவாகியிருக்கிறது. விதவிதமான நிலையில், மணிக்கணக்காக, கட்டையைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரியும் நெம்புகிற மாதிரியும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ராத்திரி முழுக்கக் கேட்டில் முழித்திருந்துவிட்டுப் பகலில் ஸ்டுடியோவில் கோவணத்தோடு நிற்கிற ஒரு மனுஷனை யோசித்துப் பாருங்கள். அவர் என்ன சாதி என்று நான் தேடப்போவதில்லை, அது என் வாதத்துக்குத் தேவையுமில்லை. மே தினத்துக்கு வருஷா வருஷம் தலைவர்கள் மாலையோடு அங்கே வருகிறார்கள். சிலையைச் செய்தவர் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மாடலாக நின்றவர்கள் பெயர் எப்போதாவது செய்தித்தாள் துணுக்கில் வந்துவிட்டுப் போகும். உழைப்பாளி என்ற பொதுப்பெயர்தான் அவர்களுக்குக் கிடைத்தது. ராய் சௌத்ரி பெரிய கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சிலையின் முன்னால் நின்று நான் அழுதிருக்கிறேன். ஆனால் ஸ்டுடியோ என்றால் ஒருவர் தனியாக இருக்கும் அறை என்று அடையாறில் பேசினார்களே, அந்த அறைக்குள் இன்னொரு உடம்பு எப்போதும் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறது.

1957 என்றதும் இன்னும் இரண்டு விஷயம் ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் 'வணங்காமுடி' படத்துக்காகச் சித்ரா தியேட்டர் வாசலில் மோகன் ஆர்ட்ஸ்காரர்கள் சிவாஜிக்கு 80 அடி உயர கட்அவுட் வைத்தார்கள். சென்னையின் ராட்சச கட்அவுட்களின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பார்கள். சவுக்குக் கட்டையும் பிளைவுட்டும் ஆணியும் வைத்து ஏழு எட்டு மாடி உயரத்துக்கு ஒரு மனுஷனை நிற்கவைப்பது என்ன வேலை என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதே வருஷம்தான் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில், பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பலகை எழுத்து என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று இந்தச் சண்டை காட்டியது. சித்தப்பா எழுபதுகளில் மாட வீதிகளில் சைவச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பலகை எழுதியவர். ஒரு கடையில் எழுதி முடித்ததும் காபி கொடுத்தார்களாம், பின்வாசலில், ஓரம் உடைந்த கிளாசில். "எயுத்து மட்டும் முன்வாசல்ல, எயுதுனவன் பின்வாசல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சித்திக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். 1966இல் அவரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் அவர்கள் அந்த நிலத்தை வாங்கிய விதம். படம் விற்றுச் சாப்பிட முடியாத காலம் அது. ஆகவே பாத்திக் துணியும் தோல் வேலையும் உலோகச் சாமானும் கையால் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடற்கரை மணலை வாங்கிக் குடிசை போட்டார்கள். கலை வேறு கைத்தொழில் வேறு என்று பேசுகிறவர்களுக்குச் சோழமண்டலத்தின் மண்ணே பதில். பிறகு வந்த விமர்சகர்கள் என்ன செய்தார்கள்? பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள்; பாத்திக்கை வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது என்று ஒரு வரியில் தள்ளினார்கள்.

அந்தத் தலைமுறை வேர்களைத் தேடிப் போனது. ஜாதகக் கட்டம், ஓலைச்சுவடி எழுத்து, யந்திரம், கிராமத்துத் தேவதை, தோல்பாவை. மேற்கைப் பார்த்துக் காப்பி அடிக்க மாட்டோம் என்ற வீம்பு அதில் இருந்தது, அது மரியாதைக்குரியது. ஆனால் அவர்கள் வரைந்த கிராமத்தில் ஊர் இருந்த அளவுக்குச் சேரி இல்லை என்பது என் அபிப்பிராயம். அய்யனார் குதிரை வந்தது, பறை அடிக்கிறவனின் வீடு வரவில்லை. மயிலாப்பூரில் 1919இல் பிறந்த எஸ். தனபாலைப் பற்றி நினைக்கும்போது மட்டும் எனக்கு மனசு வேறு மாதிரி ஆகிறது. பெரியாரின் தலையைச் சிற்பமாகச் செய்தவர். பிற்காலத்தில் அதே கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். அவரிடம் படித்த பையன்கள் ஏழை எளியவர் என்று பார்க்காமல் அவர் பழகியதைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேராவது எழும்பூர் வாசலைத் தாண்டினார்கள் என்றால் அப்படிப்பட்ட வாத்தியார்களால்தான்.

தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் தலித் அழகியல் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ராஜ் கௌதமன் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் அத்தனையும் எழுத்தைச் சுற்றியே நடந்தது. கதை, கவிதை, தன்வரலாறு. நம் மாமனும் சித்தப்பனும் ஊர் முழுக்கச் சுவரிலும் துணியிலும் எழுதிக்கொண்டிருந்ததை நாமே ஓவியம் என்று எண்ணவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அட்டைப்படத்துக்கு நவீன ஓவியர் வீட்டு வாசலில் போய் நின்றோம், சித்தப்பாவிடம் கேட்கத் தோன்றவில்லை.

2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் ராத்திரியோடு ராத்திரியாக இருபது அடி முகம் வெளியே வந்து விழுந்தது. பேனர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. முகம் போட்ட கைகள் ஆட்டோ ஓட்டின, தி.நகரில் ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி உடுப்பு போட்டுக்கொண்டன. சித்தப்பாவும் கொஞ்ச நாள் அப்படி நின்றார். பனகல் பார்க் பக்கம் போகும்போது அவரைப் பார்த்துவிடக்கூடாதே என்று நான் எதிர்ப் பக்கம் நடந்திருக்கிறேன். வெட்கம் அவருக்கு இல்லை, எனக்குத்தான். "நின்னுனே சம்பாரிக்கறன்டா, சிலை மாரி" என்பார்.

2009இல் முக்கியமான சாலைகளில் போஸ்டர் ஒட்டத் தடை வந்து, சுவர்களில் பண்பாட்டுப் படங்கள் வரைவது என்று மாநகராட்சி முடிவெடுத்தபோது பழைய பேனர்க்காரர்கள் பலருக்கு மறுபடி பிரஷ் கிடைத்தது. சித்தப்பாவுக்கும் ஒரு காண்ட்ராக்டர் மூலம் சில வாரம் வேலை வந்தது. கோபுரம், பரதம் ஆடும் பெண், ஜல்லிக்கட்டு, மாமல்லபுரம். என்ன வரைய வேண்டும் என்று படம் கையில் கொடுத்துவிட்டார்கள். பறை ஒரு மூலையில் போடட்டுமா என்று கேட்டாராம்; லிஸ்ட்டில் இல்லை என்று பதில். கையெழுத்துப் போட அவர் கேட்கவில்லை. போடச் சொல்லவும் ஆளில்லை. ஒன்றிரண்டு மழையில் அது உரிந்துபோனது.

அதற்குள் எங்கள் வரிசையும் இல்லை. பறக்கும் ரயில் 1997இல் மயிலாப்பூருக்கு வந்தது. கால்வாய்க்குள் தூண் இறங்கும் முன்னாலேயே நாங்கள் சட்டி பானையைத் தூக்கிவிட்டோம். 2000இலிருந்து கால்வாய் ஓரத்துச் சனங்களையும் கடற்கரைச் சனங்களையும் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் இடிக்கப்பட்டபோது ஒருவர் தன்னைக் கொளுத்திக்கொண்டு செத்துப்போனார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2020இல், கண்ணகி நகரின் மாடி வீடுகளில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு இந்தியாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஓவியர்களை அழைத்து மூன்று நாலு மாடி உயரத்துக்குப் படங்கள் வரையவைத்தது. நான் போய்ப் பார்த்தேன். சில படங்கள் உண்மையிலேயே அழகு. பிள்ளைகளுக்கு அந்தச் சுவர்கள் பிடித்திருக்கின்றன, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே பேட்டி கொடுத்த ஓவியர்களிடம் இவ்வளவு பெரிய சுவரில் எப்படி அளவெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம், "கட்டம் போட்டா ஆச்சு, இதுக்கு இன்னா மிசினு?" என்றார். அவரும் பழைய பேனர் ஆள். வரைகிறவர்கள் ஒரு ஏணிகூட அவரிடம் பிடிக்கச் சொல்லவில்லையாம்.

நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் அது பொய். 2018 டிசம்பர் கடைசியில், சபாக்கள் களைகட்டிய அதே நாட்களில், நீலம் பண்பாட்டு மையம் மயிலாப்பூரிலேயே வானம் கலைத் திருவிழாவை நடத்தியது. அதை முன்னின்று நடத்திய பா. ரஞ்சித் எழும்பூர்க் கல்லூரியில் ஓவியம் படித்தவர். சாக்கடைக்குள் இறங்குகிறவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுத்துவரும் பழனிக்குமாரின் போட்டோக்களை இன்று கண்காட்சிகளில் வைக்கிறார்கள். அவருக்கு ஸ்டுடியோ மேன்ஹோல் வாய்தான். செத்தவரின் பெயர், ஊர், விட்டுப்போன பிள்ளைகள் என்று அவர் படத்துக்குக் கீழே எழுதுவதை நான் கவனித்திருக்கிறேன். பசங்க என்று அவர் சொல்வதில்லை.

கடைசியாகச் சித்தப்பாவின் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 1991 ஏப்ரல், அம்பேத்கர் நூற்றாண்டு. எங்கள் வரிசையிலிருந்து ஊர்வலம் புறப்படுவதற்கு இருபது அடிக்குப் பத்து அடியில் ஒரு பேனர் செய்வது என்று முடிவானது. பாராளுமன்ற வளாகத்தில் 1967இல் வைத்த, பி.வி. வாக் செய்த வெண்கலச் சிலையின் போட்டோ ஒன்றைப் பேப்பரிலிருந்து கிழித்துக் கொண்டுவந்தோம். நீட்டிய ஆள்காட்டி விரலும் கையில் புத்தகமும் இருந்தன. வெண்கலத்தில் நிறம் இல்லையே, கோட்டுக்கு என்ன கலர் என்று பெரிய விவாதம். நீலம் என்று எல்லோரும் சொன்னார்கள். எந்த நீலம் என்று சித்தப்பா மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முகத்தைப் பத்து தடவை அழித்தார். "சிரிக்கவும் கூடாது, மொறைக்கவும் கூடாது. நம்ம ஊட்டுக்கு வந்தவரு நம்மளப் பாக்கற மாரி இருக்கணும்" என்றார். தெருமுனைக்கு நடந்து நடந்து பார்த்தார். கடைசிக் கட்டம் வந்தபோது பதிமூன்றாம் தேதி ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்தான்.

விடியும் நேரத்தில் அடியில் வலது மூலையில் சின்ன எழுத்தில் பெயர் எழுதினார். அவர் பெயரைக் கடைசியில் போட்டார். பின்னணி அடித்த இரண்டு பையன்கள், சட்டம் அடித்த ஆசாரி, வண்ணம் குழைத்த நான். முதலில் சித்தியின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'வஜ்ரம்' என்று. சித்தி, "அய்ய, இன்னாத்துக்கு அத்தப் போயி எயுதினுகிற" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஊர்வலம் முடிந்து அந்தத் துணி எங்கள் கூரைமேல் போனது. எண்ணெய் ஏறிய துணி மழைக்குத் தாங்கும் என்று எல்லாப் பேனரும் கடைசியில் அங்கேதான் போகும். ராத்திரி படுத்தால் ஓலை இடுக்கு வழியாக நீலம் தெரியும். வரிசையைக் காலி செய்த அன்று சித்தி கத்தரிக்கோலால் அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்தார். சித்தப்பாவும் இல்லை, சித்தியும் இல்லை. ஒரு கை அகலத் துணி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஐந்து பேர் தெளிவாகத் தெரிகிறது, ஆறாவது பாதி உரிந்துவிட்டது. இதை எங்கே கொடுத்தால் பத்திரமாக வைப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.